ஆறாம் மாடிக் கறிவேப்பிலையும் ஐந்தாம் மாடி மணமும்

பிரெஞ்சுத் தலைநகரில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில், எங்கள் கட்டடத்தின் ஆறாம் மாடியில் இரண்டு வீடுகள்தான். ஒன்றில் நான் இருக்கிறேன். எதிர்வீட்டில் வாமதேவனும் அவர் மனைவி தில்லைநாயகியும். நான் புதுச்சேரிக்காரன், பெயர் பிலிப், முப்பத்து நான்கு வருடம் தபால் துறையில் கடிதம் பிரித்தவன். ஓய்வு பெற்ற பிறகு அடுத்தவர் கடிதங்களைப் படித்துச் சொல்வதும் பதில் எழுதிக் கொடுப்பதும் என் தலையில் விழுந்துவிட்டது. பிரெஞ்சில் ஒரு கடிதம் வந்தால் என் கதவைத் தட்டுவார்கள். நான் எரிந்து விழுவேன். பிறகு கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்வேன்.

அதிகம் தட்டியவர் வாமதேவன். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பத்தொன்பது வயது. இருபத்தாறு வருடமாக ஒரே சமையலறையில் வேலை, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய உணவகத்தில். முதல் ஆறு வருடம் பாத்திரம் கழுவினார். ஒருநாள் காய்கறி வெட்டுகிறவன் வராமல் போக, இவர் கையில் கத்தியைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து கத்தி இவர் கையில்தான். ஒரு காலைப் பொழுதில் இருபது கிலோ வெங்காயத்தை வெட்டிப் போட்டுவிட்டு, கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லாமல் வீட்டுக்கு வருவார். பேசுவது குறைவு. எதைக் கேட்டாலும் முதலில் "ஓம்" என்பார், முடியாது என்பதைக்கூட ஓம் என்றுதான் தொடங்குவார். எனக்கு இது பெரிய எரிச்சல்.

அவரிடம் ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தது. ஏழு வருடத்துக்கு முன் ரூ பெர்தொனே கடையொன்றில் விரல் நீளக் கன்றாக வாங்கியது. சில வாரங்களில் விமானத்தில் கறிவேப்பிலை வராது, வந்தாலும் கறுத்துப்போய் வரும். அந்த நாட்களில் கடைக்காரரின் முகத்தைப் பார்த்தால் ஏதோ துக்க வீட்டுக்குப் போன மாதிரி இருக்கும். அதற்கு ஒரு முடிவு கட்டுகிறேன் என்றுதான் வாமதேவன் கன்றை வாங்கினார். முதல் குளிர்காலத்திலேயே அது இலையெல்லாம் கொட்டிக் குச்சியாய் நின்றது. ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்துப் பக்கம் செடிக்கு விளக்கு விற்கும் கடை ஒன்று இருப்பதாக யாரோ சொல்ல, அங்கே போனார். கடைக்காரப் பையன், "தக்காளிக்கா?" என்று கேட்டுக் கண் சிமிட்டினானாம். இவர் "இல்லை, கறிக்குப் போடுகிற இலை" என்று விளக்கியிருக்கிறார். அவன் இன்னொரு தடவை கண் சிமிட்டி, "எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்" என்றானாம். அந்தக் கடைக்கு வருகிறவர்கள் வளர்ப்பது கஞ்சா என்பது வாமதேவனுக்கு அப்போது தெரியாது. ஊதா விளக்கை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

விளக்கு வந்ததும் செடி பிழைத்தது. ஆனால் இரண்டு தப்பு செய்தார், இரண்டும் நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. ஒன்று, சமையலுக்குத் தேவைப்படும்போதெல்லாம் அடியிலிருந்து ஈர்க்கு ஈர்க்காக உருவுவது. கொழுந்தில் கை வைக்க மனம் வராது. அதனால் செடி கிளையே விடாமல் உயர்ந்து, உச்சியில் மட்டும் ஒரு கொத்தோடு துடைப்பத்தைத் தலைகீழாக நட்டுவைத்த மாதிரி நின்றது. இரண்டாவது, மோர். கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றினால் தழைக்கும் என்பது நமக்கெல்லாம் பால்குடி காலத்திலேயே தெரிந்த விஷயம். அது முற்றத்து மண்ணுக்குச் சொன்னது என்று யாருக்கும் தோன்றுவதில்லை. வாமதேவன் சூப்பர்மார்க்கெட்டில் 'லே ரிபோ' என்று விற்கும் புளித்த பாலை வாங்கி, வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் இரண்டு நாள் வைத்து இன்னும் புளிக்க வைத்து, குளியலறையில் இருந்த சட்டியில் வாரம் தவறாமல் ஊற்றினார். பொடி ஈக்கள் வந்தன. வீட்டுக்குள் ஒரு வாடை நிலைத்து நின்றது. தில்லைநாயகி என்னிடம் வந்து, "பிலிப் அண்ணை, அந்த மனுசன் குளிக்கிற இடத்தில பால்பண்ணை வைச்சிருக்குது. நீங்களாவது கதையுங்கோ" என்றார். நான் பேசினேன். வாமதேவன் "ஓம்" என்றார். அடுத்த வாரமும் ஊற்றினார்.

அந்த மோர்தான் அவரைச் செசிலிடம் கொண்டுபோனது. செசில் நேர் கீழே, ஐந்தாம் மாடியில் தனியாக இருக்கிறார். அறுபத்திரண்டு வயது, முன்பு மருத்துவமனையில் தாதியாக இருந்தவர். நரம்பு நோய் வந்து கால்கள் சரியாக வேலை செய்யாது, கையும் நடுங்கும். மின்தூக்கி ஓடும் நாளில் தெருவுக்கு இறங்குவார், ஓடாத நாளில் வீட்டோடு கிடப்பார். ஒருநாள் வாமதேவனின் சட்டியிலிருந்து வழிந்த மோர்த் தண்ணீர் தரையில் எங்கோ ஒரு விரிசலில் இறங்கி, செசிலின் குளியலறைக் கூரையிலிருந்து சொட்டியது. அவர் தொலைபேசியில் கூப்பிட, இவர் துணியும் வாளியுமாக ஓடினார். குளியலறைக் கதவைத் திறந்ததும் உள்ளே கறுப்புத் துணிக்கூடாரம், அதற்குள் தன்னுடையதைப் போலவே ஊதா விளக்கு, அதன் கீழ் மூன்று கஞ்சாச் செடிகள்.

"எனக்குக் கை கால் உதறத் தொடங்கிட்டுது அண்ணை. அவவுக்கு ஏற்கெனவே உதறல். ரெண்டு பேரும் நிண்டு உதறினதுதான்" என்று பிறகு எனக்குச் சொன்னார்.

செசில் ஒளிக்கவில்லை. இரவில் கால்கள் இழுத்துக்கொள்ளும், மாத்திரைகள் வயிற்றைக் கெடுத்ததுதான் மிச்சம், இதைக் கொண்டுதான் தூங்குகிறேன் என்று நேராகச் சொல்லிவிட்டார். யாருக்கும் விற்பதில்லை, மூன்று செடி ஒரு வருடத்துக்குப் போதும். பிறகு கூரையைக் காட்டி, "மேலே இருந்து என்ன ஊற்றுகிறாய்?" என்று கேட்டார். இவர் தன் செடியைப் படம் எடுத்து வைத்திருந்ததைக் காட்டினார். செசில் சிரித்த சிரிப்பு மாடிப்படி வரை கேட்டிருக்கும்.

அதன் பிறகு செசில் சொன்னதை வாமதேவன் எழுதியே வைத்துக்கொண்டார், சமையலறைக் குறிப்பு எழுதுகிற அதே நோட்டுக் கொப்பியில். பால் கூடவே கூடாது. தண்ணீர் ஊற்ற நாள் பார்க்காதே, சட்டியைத் தூக்கிப் பார், பாரமில்லாமல் இருந்தால் மட்டும் ஊற்று. மேல் மண்ணில் ஒரு விரல் உயரம் மணல் போடு, ஈ முட்டையிடாது. விளக்கு இலையிலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கட்டும். கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் முன்னால் ஆல்கஹாலில் துடை. எல்லாவற்றுக்கும் மேலாக, உச்சிக் கொழுந்தைக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டு. ஒரு உச்சி போனால் கீழேயிருந்து இரண்டு வரும், அந்த இரண்டையும் வெட்டினால் நான்கு. கஞ்சாவுக்கு எது முறையோ அதுவேதான் இதற்கும், ஆனால் ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதே, எடுத்தால் இரண்டு வாரம் அதைச் சும்மா விடு.

கொழுந்தை வெட்ட இவருக்கு மூன்று நாள் பிடித்தது. இருபது கிலோ வெங்காயத்தைக் கண் கலங்காமல் வெட்டுகிற மனிதர், ஒரு விரற்கடைக் கொழுந்தை வெட்டிவிட்டு என் வீட்டுக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். பத்து நாளில் வெட்டின இடத்துக்குக் கீழே இரண்டு முனை விட்டது. அன்றைக்கு அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மூன்று வருடத்தில் செடி குளியலறைக் கதவை மறைக்கும் அளவுக்குப் புதராகிவிட்டது. பாதித் தெரு அவரிடம் கறிவேப்பிலை வாங்கியது. எனக்கு ரசத்துக்கு வாரம் இரண்டு ஈர்க்கு.

இதற்குப் பதிலாக அவர் செசிலுக்கு என்ன செய்தார் என்பதை எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் சொன்னார். நடுங்கும் கையால் செசிலால் தன் செடிகளை வெட்ட முடியாது. ஒரு தடவை கத்தரி வழுக்கி முக்கியக் கிளையே போய்விட்டதாம். அதனால் ஞாயிறு காலைகளில் வாமதேவன் கீழே போவார். செசில் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, வெளிச்சம் படாத அடிக்கிளைகளைக் கழிப்பார், பழுத்த இலையை எடுப்பார், உச்சியை நறுக்குவார். கேட்டதும் எனக்கு மண்டை சூடேறிவிட்டது.

"என்னங்க இது? பிடிச்சா உங்களையும் சேர்த்துத்தான் பிடிப்பான். நான் அரசாங்க உத்தியோகம் பார்த்தவன், என்கிட்ட வந்து இதெல்லாம் ஏன் சொல்றீங்க?" என்று கத்தினேன்.

"ஓம் அண்ணை, பிழைதான். ஆனா அவவுக்குக் கை நடுங்குது. எனக்கு நடுங்கேல்லை. வேற என்ன செய்யிறது?"

கதவைச் சாத்திவிட்டேன். அடுத்த ஞாயிறும் அவர் படியிறங்கும் சத்தம் கேட்டது.

போன நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டு நிர்வாகத்தின் கடிதம் வந்தது. ஐந்தாம், ஆறாம் மாடிக்காரர் எல்லோருக்கும் ஒரே கடிதம். படிக்கட்டில் கஞ்சா மணம் வருவதாகவும், மேல் மாடி ஜன்னல் ஒன்றில் ஊதா வெளிச்சம் தெரிவதாகவும் புகார். வியாழன் காலை பத்து மணிக்கு ஓர் அலுவலர் வந்து வீடுகளைப் பார்வையிடுவார். தடை செய்யப்பட்ட செடி வளர்ப்பது உறுதியானால் வாடகை ஒப்பந்தத்தை ரத்துச் செய்யும் நடவடிக்கை தொடங்கும். நான் ஒவ்வொரு வரியாக வாமதேவனுக்கும் தில்லைநாயகிக்கும் படித்துச் சொன்னேன்.

"எங்கட வீட்டில கறிவேப்பிலைதானே? வந்து பாக்கட்டும்" என்றார் தில்லைநாயகி.

வாமதேவன் கீழே போனார். திரும்பி வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது. செசில் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். மூன்று செடியையும் வெட்டி எறிந்துவிடு, வீடு போனால் இந்தக் காலோடு நான் எங்கே போவேன் என்றாராம். ஆனால் பூ முற்ற இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது, வெட்டினால் அந்த அம்மாளுக்கு ஒரு வருடத் தூக்கம் போகும். தவிர, வெட்டினால் மணம் இரண்டு மடங்காகும், நான்கு நாளைக்கு அடங்காது. செடி இல்லாமல் மணம் மட்டும் இருந்தாலும் அலுவலர் கூரையைப் பார்ப்பார், சுவரைப் பார்ப்பார், கூடாரத்தைப் பார்ப்பார். மின்தூக்கி பழுது. மூன்று செடிகளைத் தூக்கிக்கொண்டு ஐந்து மாடிப் படி இறங்கினால் கட்டடமே கதவைத் திறந்து பார்க்கும். வெட்டினாலும் ஆபத்து, விட்டாலும் ஆபத்து.

"முதல்ல எங்க வருவினம் அண்ணை?" என்று கேட்டார் வாமதேவன்.

"வெளிச்சம் உங்க ஜன்னல்லதான் தெரியுது. முதல்ல இங்கதான் வருவாங்க."

"இஞ்சை எல்லாத்துக்கும் காரணம் கிடைச்சிட்டா?"

"கிடைச்சிட்டா கீழ எதுக்குப் போகப்போறாங்க?"

"ஓம்" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த ஓம் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

அன்று மாலை அவர் இரண்டு கையிலும் பை நிறைய லே ரிபோ வாங்கிக்கொண்டு படியேறி வந்தார். எட்டுப் போத்தல். ரேடியேட்டரை உச்சத்தில் வைத்து, மேலே வரிசையாக அடுக்கினார். எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"அந்தச் செடி செத்துப்போயிடும்யா" என்றேன். "நாறணும், அவ்வளவுதானே? ஒரு வாளியில ஊத்தி வச்சுட்டுப் போங்களேன்."

அவர் என்னை ஏதோ சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "வாளியில வைச்சா நான் வேணுமெண்டு வைச்சதெண்டு தெரிஞ்சுபோகும் அண்ணை. சட்டியில ஊத்தினா அது எங்கட பழக்கம்."

புதன் காலை நான்கு போத்தல் ஊற்றினார், மாலை நான்கு. மேலே இருந்த மணலை அவரே வழித்து எடுத்துவிட்டு ஊற்றினார். சட்டியின் அடித் துவாரத்தைத் துணியால் அடைத்தார், கீழே செசிலின் கூரையில் சொட்டிவிடக் கூடாதென்று. ஏழு வருடச் செடியின் வேர் புளித்த பாலுக்குள் நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் வந்துவிட்டேன். மற்றவர் விஷயத்தில் தலையிடாதவன் என்று என்னை நானே சொல்லிக்கொள்கிறவன்தான், ஆனாலும் அன்று எனக்கு அழுகை வந்தது. சொல்வதில் என்ன வெட்கம்.

வியாழன் பத்து மணிக்கு அலுவலர் வந்தார். பெயர் ஷார்லோத், முப்பது வயதிருக்கும், ஆறு மாடி ஏறிய மூச்சு வாங்கல். தில்லைநாயகி அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. கணவர் சொல்லாமலே, அவர் பாட்டுக்கு அடுப்பில் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தார். கதவு திறந்ததும் ஷார்லோத் ஓரடி பின்னால் போனார். என்னை மொழிபெயர்க்க அழைத்திருந்தார்கள்.

குளியலறையில் ஊதா விளக்கு, பச்சைப் புதர், சட்டியில் திரிதிரியாய்க் கிடந்த பால், அதன் மேல் ஈ. ஷார்லோத் மூக்கை மூடிக்கொண்டு, "இது என்ன செடி?" என்று கேட்டார்.

"சமையலுக்குப் போடும் இலை, மதாம். கசக்கிப் பாருங்கள்" என்றேன்.

அவர் கசக்கி முகர்ந்தார். பழக்கமில்லாதவருக்குக் கறிவேப்பிலையின் மணம் மூக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். "மிகவும் காட்டமாக இருக்கிறது. இந்த வெள்ளையாக இருப்பது?"

"புளித்த பால். எங்கள் நாட்டில் இந்தச் செடிக்கு ஊற்றுவது வழக்கம்."

"வீட்டுக்குள்ளேயா?"

"வீட்டுக்குள்ளே ஊற்றக் கூடாது என்று நானும் அவர் மனைவியும் பல தடவை சொல்லியிருக்கிறோம்."

நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. மீதியை அவர் கேட்கவில்லை. ஷார்லோத் விளக்கைப் படம் எடுத்தார், சட்டியைப் படம் எடுத்தார். வெளிச்சத்துக்கும் மணத்துக்கும் காரணம் கண்டுபிடிக்கப்பட்டதாக ஒரு தாளில் எழுதினார். எட்டு நாளைக்குள் செடியும் சட்டியும் இந்த வீட்டிலிருந்து அகற்றப்பட வேண்டும், தவறினால் எழுத்து மூல எச்சரிக்கை. வாமதேவன் கையெழுத்துப் போட்டார். படியிறங்கிப் போன ஷார்லோத் ஐந்தாம் மாடியில் நிற்கவில்லை. கைக்குட்டை மூக்கிலேயே இருந்தது, அவசரமாக இறங்கினார். அவர் கடைசிப் படி தாண்டும்வரை நாங்கள் மூவரும் கைப்பிடி மேல் சாய்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமையே இலைகள் மஞ்சளாகின. சனிக்கிழமை தொட்டால் உதிர்ந்தன. வாமதேவன் மிச்ச இலைகளை உருவி ஒரு பையில் போட்டு, ரூ பெர்தொனே கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தார். வெறும் குச்சிகள் நின்றன. "வெட்டிக் கட்டிக் குப்பையில போடுறன் அண்ணை, கயிறு இருக்கோ?" என்று கேட்டு வந்தார். நான் கயிறு எடுத்துக்கொண்டு போனபோது கதவு தட்டப்பட்டது.

செசில். மின்தூக்கி இன்னும் பழுதுதான். ஐந்தாம் மாடியிலிருந்து ஆறாம் மாடிக்குப் பதினெட்டுப் படி. ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியிருக்கிறார், உடுப்பின் பின்பக்கமெல்லாம் தூசி. கழுத்தில் ஒரு துணிப்பை, அதற்குள் கத்தரியும் ஆல்கஹால் போத்தலும். தில்லைநாயகி ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தார். செசில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு சட்டியைப் பார்த்தார்.

"பால் ஊற்றாதே என்று எத்தனை தடவை சொன்னேன்?"

"எங்கட பழக்கம், மதாம்" என்று தன் சமையலறைப் பிரெஞ்சில் சொன்னார் வாமதேவன்.

"மூன்று வருடமாக இல்லாத பழக்கம் புதன்கிழமை எங்கிருந்து வந்தது?"

செசில் அதற்கு மேல் கேட்கவில்லை. செடியை வெளியே எடு என்றார். வாமதேவன் பிளாஸ்டிக் விரித்து, சட்டியைக் கவிழ்த்து, மண்ணை உதறி, வாளித் தண்ணீரில் வேரைக் கழுவினார். எல்லாம் கறுத்துக் கூழாகியிருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் சுண்டுவிரல் கனத்தில் ஒரு வேர் வெள்ளையாக இருந்தது. அழுகியதையெல்லாம் எடுத்துவிட வேண்டும், மேலே ஒரு சாணுக்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது என்றார் செசில். வாமதேவன் கத்தரிக்காகக் கை நீட்டினார். செசில் கொடுக்கவில்லை.

கத்தரியை அவரே துடைத்தார். ஆல்கஹால் பாதி மடியில் கொட்டியது. வருடக்கணக்காக எதையும் வெட்டாத கை, கத்தரி முனை காற்றில் அங்குமிங்கும் அலைந்தது. வாமதேவன் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. செடியைத்தான் இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு, கத்தரி வந்து சேரும்வரை காத்திருந்தார். முதல் வெட்டு கோணலாக விழுந்தது, தண்டு நசுங்கியது. தானே வெட்டினால் ஒரு நொடியில் முடித்திருக்கக்கூடிய மனிதர், "நல்ல வெட்டு, மதாம்" என்றார். முழுவதும் முடிய முக்கால் மணி நேரம் ஆனது. தில்லைநாயகி அடுப்படிக்குப் போய் மூக்கைச் சிந்திக்கொண்டு தேநீர் போட்டார்.

பிறகு செசில் முன்னே படிக்குப் படி உட்கார்ந்து இறங்க, வாமதேவன் பின்னால் புது மண் போட்ட சிறிய சட்டியை ஏந்திக்கொண்டு போனார். கூடாரத்தில் நான்காவது ஒன்றுக்கு இடம் இருந்தது.

டிசம்பரில் நிர்வாகத்திடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது, செடி அகற்றப்பட்டதா என்று எழுத்தில் உறுதிப்படுத்தச் சொல்லி. வாமதேவன் கதவைத் தட்டினார். நான் எரிந்து விழுந்தேன், கண்ணாடியைத் தேடினேன். செடி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கோணல் வெட்டுக்குக் கீழே இரண்டு முனை விட்டிருக்கிறது என்றார். நான் மேசையில் உட்கார்ந்து எழுதினேன்: "மேற்படி செடி திரு. வாமதேவனின் வீட்டில் இப்போது இல்லை." முப்பத்து நான்கு வருட அரசாங்க உத்தியோகத்தில் நான் பொய்க் கடிதம் எழுதியதில்லை, இதிலும் ஒரு சொல் பொய் கிடையாது. அவர் கையெழுத்துப் போட்டார், நான் தபால்தலை ஒட்டினேன்.